நார்த்தாமலை: அர்ச்சகர் இல்லாத சன்னதி

புதுக்கோட்டையிலிருந்து திருச்சி சாலையில் ஏறக்குறைய 17 கி.மீ. போனால் நார்த்தாமலை. ஊரில் முத்துமாரியம்மனைக் கும்பிட்டதுமே அம்மாவுக்கு வந்த வேலை முடிந்துவிட்டது. மேலமலைக்கு ஏறணும் என்றதும், "அங்க பூசை உண்டாடா?" என்றுதான் கேட்டாள். தினப்பூசை இல்லை என்றேன். பதில் சொல்லாமல் பூப்பொட்டலத்தை மடியில் கட்டிக்கொண்டு நடந்தாள்.

பாறைச் சரிவில் வழியிலேயே தலையருவிச் சிங்கம் என்ற சுனை. நீருக்கடியில் பாறையைக் குடைந்தெடுத்த குடைவரைக் கோயிலும் லிங்கமும் இருக்கின்றன. தண்ணீரை இறைத்தால்தான் தரிசனம். தெரியாத சாமிக்கு அம்மா கரையிலிருந்தே ஒரு கும்பிடு போட்டாள்.

அடுத்த ஏற்றத்தில் விஜயாலய சோழீச்சரம் என்ற சிவன் கோயில். பெயர் சோழனுடையது, எடுப்பித்தவரோ சாத்தன் பூதி என்ற இளங்கோவதிரையர், முத்தரையர் குலத்துச் சிற்றரசர். 9ஆம் நூற்றாண்டுக் கற்றளி, அதாவது கல்லால் கட்டிய கோயில். "மழை இடித்தழிய" மல்லன் விடுமன் புதுக்கினான் என்று வாசலில் துவாரபாலகர் காலடியில் வெட்டியிருக்கிறது. கட்டியவன் பெயரை மறைக்காமல் தன் பெயரைப் பக்கத்தில் எழுதியிருக்கிறான் பாருங்கள், எனக்கு இந்த மல்லன்மேல் தனி மரியாதை. சுற்றாலைகள் என்கிற, கோயிலைச் சுற்றியுள்ள சிறுகோயில்கள் எட்டில் ஆறு மிச்சம்.

காவலர் பூட்டைத் திறந்துவிட்டார். சூடம் ஏற்றக்கூடாது என்றார். அம்மா தீப்பெட்டியை என்னிடம் நீட்டிவிட்டு உள்ளே போனாள். வெளியே சதுரமாகத் தெரிகிற கோயிலுக்குள் கருவறை வட்டம். வட்டத்துக்கும் சதுரச் சுவருக்கும் நடுவே ஒடுக்கமான சுற்றுப்பாதை. வலது உள்ளங்கையால் வளைந்த சுவரைத் தடவியபடியே அவள் சுற்றினாள். மந்திரமோ மணியோ இல்லை. கண்ணாடி வளையல் கல்லில் உரசுகிற சத்தம் மட்டும் ஒரு பக்கம் போய் மறுபக்கம் வந்தது. மூன்று சுற்று. தீபாராதனைக்கு முண்டியடித்த எந்தக் கோயிலிலும் நான் இப்படி நின்றதில்லை.

சன்னதி மேற்குப் பார்த்தது. எதிரே பாறையில் இரண்டு குடைவரைகள். சமணர் குடகு, அதாவது சமணர் குகை, என்கிற பெரியதில் பெயருக்கு மாறாக ஒரே அச்சில் வார்த்ததுபோல் 12 திருமால்கள், ஆளைவிட உயரம். முன்னே யாளியும் யானையும் வரிசை கட்டி ஓடும் அடித்தளம். சின்னது பழியிலி ஈச்சரம். குடைந்தவர் சாத்தன் பழியிலி; முகமண்டபமும் நந்தியும் பலிபீடமும் அவர் மகள் பழியிலி சிறியநங்கை செய்வித்தவை. மண்டபம் போய் அடித்தளம்தான் நிற்கிறது.

பொண்ணு கொடுத்த நந்தி என்று சொன்னேன். அம்மா மடிப் பூவை அவிழ்த்து அதன் கழுத்தடியில் வைத்தாள். பிறகு குனிந்து, காதோரம் வாயைப் பொத்தி ஏதோ சொன்னாள், கொஞ்ச நேரம்.

"என்னம்மா கேட்டே?"

"அதுகிட்ட சொன்னத உங்கிட்டயும் சொல்லணுமாக்கும்? வெயில் சாயுது, இறங்கு."