குடித்து ஓட்டிய வழக்கு: ஒப்புகைச் சீட்டு இல்லாமல் மூன்று நடை

கோத்தகிரியில் கல்யாணம் முடிந்து ராத்திரி பைக்கில் இறங்கும்போது மச்சினன் சோதனையில் மாட்டினான். கொண்டை ஊசி வளைவும் பனிமூட்டமும் உள்ள பாதையில் குடித்துவிட்டு ஓட்டியது அவன் தப்பு, அதில் மறுபேச்சில்லை. ஆனால் அன்றைக்கு லைசென்ஸ் வாங்கி வைத்ததற்கான ஒப்புகைச் சீட்டு, ஊதிப் பார்த்த கருவி தந்த சீட்டின் நகல் என்று இரண்டு காகிதத்தைக் கேட்டு வாங்கியிருந்தால் பாதி அலைச்சல் குறைந்திருக்கும்.

சட்டம் அனுமதிக்கும் அளவு 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம். ஊதும் குழாய் புதிதா, கருவி 0 காட்டுகிறதா என்று பாருங்கள். குடித்து 15 நிமிடம் ஆகவில்லை என்றால், வாயில் தங்கிய மதுவே எண்ணைக் கூட்டிவிடும். அதைச் சொல்லி, சற்றுப் பொறுத்து மறுபடி ஊதக் கேளுங்கள். ஊதவே மாட்டேன் என்று மட்டும் நிற்காதீர்கள். குடித்த சந்தேகம் இருந்தால் வாரண்ட் இல்லாமலே கைது செய்யலாம்; மறுத்ததும் உங்களுக்கு எதிரான சாட்சியமாகும்.

கைதான நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். மோட்டார் வாகனச் சட்டம் 202-ன்படி இரண்டு மணி நேரத்துக்குள் டாக்டர் பரிசோதிக்க வேண்டும், இல்லையென்றால் காவலிலிருந்து விட்டாக வேண்டும். மலையில் அரசு ஆஸ்பத்திரி தூரம் என்பதால் இது முக்கியம். ஆனால் இரண்டு மணி தாண்டினால் கேஸே நிற்காது என்று பலர் சொல்வதை நம்பாதீர்கள். விடுவிப்பது காவலிலிருந்து மட்டும்தான், வழக்கு நடக்கும்.

கைதுக்கான காரணத்தைச் சொல்வதும், வீட்டுக்குத் தகவல் கொடுப்பதும் போலீசின் கடமை. இது ஜாமீனில் விடக்கூடிய குற்றம். ஜாமீன் கேட்பது உங்கள் உரிமை. வக்கீல் வைக்க வசதியில்லை என்றால் 15100-க்குப் போன் செய்தால் இலவச சட்ட உதவி உண்டு. வெற்றுத்தாளில் கையெழுத்து போடாதீர்கள்.

எங்களுக்கு அடி விழுந்தது இதற்கப்புறம்தான். லைசென்ஸை வாங்கி வைத்தவர்கள் ஒப்புகைச் சீட்டு தரவில்லை, இவனும் கேட்கவில்லை. ஊதிப் பார்த்த கருவிச் சீட்டின் நகலும் இல்லை. முதல் நடையில் கோர்ட்டில் "இன்னும் சார்ஜ்ஷீட் வரலை" என்றார்கள். எஸ்.டி.சி. நம்பர் (கோர்ட்டில் கேஸுக்குக் கொடுக்கும் எண்) கேட்க ஸ்டேஷனுக்குப் போனால் ரைட்டர் லீவு. அவர் வந்த பிறகும், சீட்டு இல்லாததால் எந்தத் தேதிக் கேஸ் என்று தேடவே அரை நாள் போனது. மூன்றாவது நடையில்தான் அபராதம் கட்ட முடிந்தது. நீங்கள் போகும் முன் நம்பரை வாங்கிவிட்டுக் கிளம்புங்கள்.

முதல் முறைக்கு ஆறு மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் அபராதம், அல்லது இரண்டும். அடுத்த முறை இரண்டு ஆண்டு வரை சிறை, அல்லது 15,000 ரூபாய், அல்லது இரண்டும். குற்றத்தை ஒப்புக்கொண்டு கட்டினாலும் அது தண்டனைத் தீர்ப்புதான். அரசு வேலைக்கு முயல்கிறவர்கள் வக்கீலைக் கேட்காமல் ஒப்புக்கொள்ள வேண்டாம்.

லைசென்ஸை இடைநிறுத்தும் முன் ஆர்.டி.ஓ. உங்கள் விளக்கத்தைக் கேட்க வேண்டும். அந்த நோட்டீஸ் லைசென்ஸில் உள்ள முகவரிக்குத்தான் போகும். மச்சினனுடையது மேட்டுப்பாளையத்துப் பழைய வாடகை வீடு. அந்த வீட்டுக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்ததால் கடிதம் கைக்கு வந்தது.

பைக்கை எடுக்க ஆர்.சி., இன்சூரன்ஸ், அபராத ரசீது மூன்றையும் அசலும் நகலுமாகக் கொண்டுபோனோம். வெளியே மழையில் நின்றதில் பேட்டரி இறங்கிக் கிடந்தது, சைடு கண்ணாடி ஒன்றைக் காணோம். பிடித்த அன்றே வண்டியை நான்கு பக்கமும் போட்டோ எடுத்திருந்தால் கேட்டிருக்கலாம்.