ஆர் தள்ளுறது?

பழைய மாணவர் சங்க மலருக்குக் கட்டுரை கேட்டால் விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, சுற்றுலா என்று எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். நான் பௌதிக வீட்டுவேலையைப் பற்றி எழுதப்போகிறேன். சிரிக்காதீர்கள். 'விசையும் இயக்கமும்' நடந்த அந்தத் தவணையை எங்கள் வகுப்பில் இருந்த யாரும் மறந்திருக்க மாட்டார்கள்.

பௌதிகம் படிப்பித்த சேர் தரும் கணக்குகள் அதிகம் இல்லை. ஆனால் ஒவ்வொன்றும் கொப்பியில் ஒரு பக்கம் பிடிக்கும். படம் கீறாமல் சமன்பாடு எழுதினால் விடை சரியாக இருந்தாலும் குறுக்கே ஒரு கோடுதான். இயக்கச் சமன்பாடுகளை நாங்கள் ஏற்கெனவே பாடமாக்கி வைத்திருந்தோம். கேள்வியில் என்ன தந்திருக்கிறது, என்ன கேட்டிருக்கிறது என்று பார்த்து, பொருந்துகிற சமன்பாட்டைத் தேடிப் பிடித்து இலக்கங்களைப் போட்டால் வேலை முடிந்தது என்பது எங்கள் நினைப்பு. அந்தப் பழக்கத்தைத்தான் அவர் முறித்தார்.

படத்துக்கும் சட்டம் இருந்தது. கேள்வியில் வரும் பொருளைத் தனியே பிரித்தெடுத்து ஒரு பெட்டியாகக் கீற வேண்டும். அதன்மேல் தாக்கும் விசைகளை மட்டும் அம்புக்குறிகளாகப் போட வேண்டும். ஒவ்வொரு அம்புக்குறிக்கும் பக்கத்தில் அந்த விசையைக் கொடுப்பது எது என்று எழுத வேண்டும்: மேசை, இழை, கை, பூமி. கரும்பலகையில் ஒருவர் அம்புக்குறி போட்டதும் பின்னாலிருந்து கேள்வி வரும்: "ஆர் தள்ளுறது?" ஆளைக் காட்ட முடியாவிட்டால் அம்புக்குறி அழிக்கப்படும்.

இந்தக் கேள்வியில் முதலில் அடிபட்டது மேலே எறிந்த பந்து. பந்து மேலே போகிறது, ஆகவே மேல்நோக்கி ஒரு விசை இருக்கத்தானே வேண்டும் என்று எல்லோருக்கும் தோன்றும். ஆர் தள்ளுறது? கையா? கை எப்போதோ விட்டுவிட்டது. காற்றா? எறியப்பட்ட பொருளைக் காற்றுத்தான் பின்னாலிருந்து தள்ளிக்கொண்டு போகிறது என்று அரிஸ்டோட்டிலே சொல்லியிருக்கிறார் என்பதால் நாங்கள் ஒன்றும் கெட்ட கூட்டத்தில் இல்லை. காற்றுத் தடையை விட்டுவிட்டால் பந்தின்மேல் இருப்பது பூமி இழுக்கும் ஒரே ஒரு கீழ்நோக்கிய அம்புக்குறி. ஏறும்போதும் அதுதான், உச்சியில் கணநேரம் நிற்கும்போதும் அதுதான், இறங்கும்போதும் அதுதான். உச்சியில் வேகம் பூச்சியம், ஆர்முடுகல் (வேகம் மாறும் வீதம்) பூச்சியம் இல்லை. நியூற்றன் 1687 இல் விதிகளை அச்சிட்ட பிறகும் இந்த இடத்தில் புதிதாகப் படிக்கும் ஒவ்வொருவரும் ஒருமுறை முட்டிக்கொள்ளத்தான் வேண்டும் போலிருக்கிறது.

அடுத்தது உராய்வு. 5 கிலோகிராம் திணிவுள்ள பெட்டி, கரடான கிடைத்தளம், உராய்வுக் குணகம் 0.4. ஓய்விலிருக்கும் பெட்டியை 10 நியூற்றனால் கிடையாகத் தள்ளினால் உராய்வு விசை எவ்வளவு? ஈர்ப்பு ஆர்முடுகலை 10 என்று வைத்தால் மறுதாக்கம், அதாவது தளம் பெட்டியை மேலே தள்ளும் விசை, 50, அதை 0.4 ஆல் பெருக்கினால் 20. வகுப்பில் முக்கால்வாசிக் கொப்பிகளில் 20 தான். சேர் அந்த 20 ஐ அப்படியே படத்தில் போட்டார். முன்னுக்கு 10, பின்னுக்கு 20. "அப்ப பெட்டி தள்ளுறவனை நோக்கியெல்லோ வரும்!" 20 என்பது எல்லை உராய்வு, அதாவது உராய்வு எட்டக்கூடிய உச்சம். பெட்டி அசையாத வரைக்கும் எவ்வளவு தள்ளுகிறோமோ அவ்வளவுதான் உராய்வு திருப்பித் தரும். விடை 10. சூத்திரம் தவறில்லை, போட்ட இடம்தான் தவறு. படம் கீறியிருந்தால் கண்ணுக்கே தெரிந்திருக்கும்.

லிப்டுக்குள் தராசில் நிற்கும் மனிதன், சாய்தளத்தில் வழுக்கும் குற்றி எல்லாம் செய்தோம். சாய்தளத்தில் ஒன்று மட்டும் சொல்ல வேண்டும். விடை வந்த பிறகு சாய்வைப் பூச்சியமாக்கிப் பார், 90 பாகையாக்கிப் பார் என்பார். ஒப்பமான (உராய்வில்லாத) தளத்தில் முதலாவதில் ஆர்முடுகல் இல்லாமல் போக வேண்டும், இரண்டாவதில் பொருள் சும்மா விழுவதுபோல இருக்க வேண்டும். இப்படிப் பார்த்தால் சைனும் கோசைனும் இடம் மாறியது உடனே பிடிபட்டுவிடும். வாகனம் தரிக்கும் கணக்கும் உண்டு. ஒவ்வொரு செக்கனிலும் வேகம் செக்கனுக்கு 5 மீற்றரால் குறைந்தால், செக்கனுக்கு 10 மீற்றர் வேகத்தில் போகிறவர் 10 மீற்றர் தூரத்தில் நிற்பார், 20 மீற்றர் வேகத்தில் போகிறவருக்கு 40 மீற்றர் வேண்டும். அந்தத் தவணையில் படித்ததில் தினமும் உபயோகப்படுகிற விடயம் அது ஒன்றுதான்.

எனக்கு மிகவும் பிடித்தது கப்பிக் கணக்கு. இலேசான நீட்டமுடியாத இழை, ஒப்பமான இலேசான கப்பி (அப்படி ஒரு கப்பியை வாழ்க்கையில் கண்டதில்லை), ஒரு பக்கம் 3 கிலோகிராம், மறுபக்கம் 2. இரண்டு பெட்டி, இரண்டு படம், இரண்டு சமன்பாடு. ஆர்முடுகல் 2, இழுவை (இழை இழுக்கும் விசை) 24 நியூற்றன். கணக்குத் தொடங்க முன்னரே இழுவை எங்கே நிற்கும் என்று மதிப்பிடச் சொல்வார். 3 கிலோகிராம் இறங்குகிறது, ஆகவே இழுவை 30 ஐவிடக் குறைவு. 2 கிலோகிராம் ஏறுகிறது, ஆகவே 20 ஐவிடக் கூட. 24 உள்ளே விழுந்ததும் ஒரு நிம்மதி வரும் பாருங்கள், அது விடைப் பக்கத்தைப் புரட்டிப் பார்த்து வருவதில்லை.

அதோடு விடமாட்டார். கப்பியை ஒரு விற்றராசில் தொங்கவிட்டால் வாசிப்பு எவ்வளவு? எல்லாமாக 5 கிலோகிராம், ஆகவே 50 என்று வாய் சொல்லும். கப்பியின் படம் வேறு சொல்லும்: இரண்டு பக்கமும் 24, ஆகவே 48. மீதி 2 நியூற்றன் எங்கே போனது? இரண்டு நாள் அதில் தொங்கினோம். 3 கிலோகிராம் கீழ்நோக்கி ஆர்முடுகுகிறது, 2 கிலோகிராம் அதே அளவு மேல்நோக்கி. திணிவை ஆர்முடுகலால் பெருக்கினால் ஒன்றுக்கு 6, மற்றதுக்கு 4. 6 இலிருந்து 4 போக 2. மொத்தத்தில் கீழ்நோக்கிய விளையுள் (விசைகளைக் கூட்டிக் கழித்த மிச்சம்) 2 இருந்தாக வேண்டும், அதைத்தான் தராசு தாங்காமல் விட்டிருக்கிறது. கையால் பிடித்து நிறுத்தினாலும் 50 வராது. பாரமானதைக் கீழிருந்து தாங்கினால் 40, பாரம் குறைந்ததைக் கீழே இழுத்துப் பிடித்தால் 60.

இந்தக் கப்பிக் கருவியை 1784 இல் விவரித்து எழுதியவர் ஜோர்ஜ் அற்வூட். தனியே விழும் பொருள் முதல் செக்கனில் ஏறக்குறைய 5 மீற்றர் போய்விடும், அளக்க நேரம் கிடைக்காது. மேலே சொன்ன இரண்டு திணிவுகளும் அதே செக்கனில் 1 மீற்றர்தான் அசையும். கலிலியோ சாய்தளத்தில் பந்து உருட்டியதும் விழுகையை மெதுவாக்கத்தான் என்று அப்போதுதான் விளங்கியது. அதுவரை சாய்தளம் எங்களை வதைப்பதற்காக உண்டாக்கப்பட்டது என்றே நினைத்திருந்தோம்.

தவணைக் கடைசியில் குரங்குக் கணக்கு வந்தது. அதே ஒப்பமான கப்பி, ஒரு பக்கம் குரங்கு கயிற்றைப் பிடித்துத் தொங்குகிறது, மறுபக்கம் அதே உயரத்தில் குரங்கின் அதே திணிவுள்ள ஒரு குற்றி. குரங்கு ஏறத் தொடங்கினால் குற்றிக்கு என்ன நடக்கும்? 'அலிஸ்' கதை எழுதிய லூயிஸ் கரோல் 1893 இல் ஒக்ஸ்போர்டில் இதைக் கேட்டுத் திரிந்து, நல்ல கணித வல்லுநர்களே ஆளுக்கொரு விடை சொல்கிறார்களே என்று வியந்திருக்கிறார். எங்கள் வகுப்பிலும் ஏறும், இறங்கும், அசையாது என்று மூன்று கட்சி. சேர் விடை சொல்லவில்லை. குற்றியை மேலே இழுப்பது ஆர் என்று மட்டும் கேட்டார். கயிறு. குரங்கை? அதே கயிறு, அதே இழுவை. திணிவும் ஒன்று, பூமி இழுப்பதும் ஒன்று. ஆகவே இரண்டும் ஒன்றாகவே ஏறும். குரங்கு விரைந்து ஏறினாலும் மெதுவாக ஏறினாலும் குற்றி அதன் முகத்துக்கு நேரேதான் நிற்கும். கயிற்றை விட்டுவிட்டால் இரண்டும் சேர்ந்து விழும்.

குற்றி இறங்கும் என்று அன்று மேசையில் அடித்துப் பேசியவர் இந்தச் சங்கத்தில்தான் இருக்கிறார், இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. அடுத்த ஒன்றுகூடலுக்குக் கப்பியை நான் கொண்டுவருகிறேன், குரங்கை அவர் ஏற்பாடு செய்யட்டும்.