மலையில் விழுந்தவர்

என் ஊர் பருத்தித்துறை. 2023 இல் இன்டர்ன்ஷிப்புக்கு நுவரெலியா மாவட்டத்தில் ஒரு வைத்தியசாலை கிடைத்தது. முதல் 6 மாதம் சத்திரசிகிச்சை வார்டு. அங்கே தமிழ் பேசும் ஹவுஸ் ஒஃபிசர் (பயிற்சி வைத்தியர்) நான் ஒருவன்தான், அதனால் தேயிலைத் தோட்டத்து ஆட்கள் யார் வந்தாலும் என்னிடம் அனுப்பிவிடுவார்கள். எனக்கு அதில் பெருமையும் இருந்தது. மொழி தெரிந்த ஒருவன் இருக்கிறான், இனி இவர்கள் சொல்வது விடுபடாமல் கொப்பியில் ஏறும் என்று நம்பினேன்.

விடாமல் மழை பெய்த ஒரு ஜூலை நாள். நாற்பது வயதைத் தாண்டிய ஒரு அக்காவைக் கொண்டுவந்தார்கள். வேலைக்காக உடுப்புக்கு மேலே இடுப்பில் கட்டும் படங்கைக்கூட அவிழ்க்கவில்லை. முழங்கால் வரை சேறு, கணுக்காலில் ஒரு அட்டை இன்னும் கடித்துக்கொண்டிருந்தது. வலது கையைத் துணியால் சுற்றியிருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் பெருவிரலின் அடியில் ஆழமான குத்து.

"என்னண்டு விழுந்தனீங்கள், அக்கா?"

என் தமிழ் அவருக்குப் பிடிபட ஒரு நிமிடம் ஆனது. "மலையில வழுக்கிருச்சுங்க ஐயா. கட்டை குத்திருச்சு. என் தப்புதான், பார்த்து கால் வச்சிருக்கணும்."

மலைச்சரிவில் தவறி விழுந்து மரக்கட்டை குத்திய காயம் என்று ஆங்கிலத்தில் எழுதினேன். பெருவிரலின் நுனியை மடக்கும் தசைநார் அறுந்திருந்தது. மறுநாள் தைத்தோம். கையைத் துப்புரவாகக் கழுவி, அறுந்த தசைநாரைத் தேடி, முனைகளைச் சேர்த்துத் தைக்க நெடுநேரம் எடுத்தது. ஒழுங்காகச் செய்த சிகிச்சைதான், அதில் எனக்கு இன்றும் குறை இல்லை. வீட்டுக்கு அனுப்பும்போது டயக்னோசிஸ் கார்டிலும் அதே வரியைப் பார்த்து எழுதினேன்.

மூன்று மாதம் கழித்து கிளினிக்குக்கு அந்தக் கார்டோடு வந்தார். பிளாஸ்டிக் உறைக்குள் மடிப்புக் கலையாமல் வைத்திருந்தார். நட்டஈடு கேட்டுத் தோட்ட ஒபிசுக்குப் போயிருக்கிறார்கள். அன்று இவருக்கு அரைப்பேர்தான், அதாவது அரைநாள் சம்பளம்தான், விழுந்திருக்கிறது, வேலையை விட்டு விறகு பொறுக்கப் போய் விழுந்திருக்கிறார், டொக்டரே மலையில் விழுந்தது என்றுதானே எழுதியிருக்கிறார் என்று ஒபிசில் சொல்லிவிட்டார்களாம்.

எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற அட்டெண்டன்ட் அண்ணன் தோட்டத்துப் பிள்ளை. அவர்தான் சொன்னார்: "சேர், மலைன்னா இங்க தேயிலை மலை. வேலை செய்ற எடம். ஏழாம் நம்பர் மலை, பத்தாம் நம்பர் மலைன்னு சொல்லுவோம். வெறகுக்குப் போனா காட்டுக்குப் போனேன்னுதான் சொல்லியிருக்கும்." அந்தக் கட்டையும் மரக்கட்டை இல்லை. கவ்வாத்து வெட்டிய தேயிலைச் செடியின் கூரான கட்டை.

அந்த அக்கா முதல் நாளே எல்லாவற்றையும் சொல்லியிருக்கிறார். ஒரே சொல்லில் இடத்தையும் வேலையையும் சேர்த்துச் சொல்லியிருக்கிறார். தமிழ் தெரிந்த நான்தான் அதைத் தொலைத்தேன். அன்று இரவு எனக்கு நித்திரை வரவில்லை. இடுப்பில் படங்கோடு யார் விறகு பொறுக்கப் போவார்கள்? கண்ணால் பார்த்தேன், எழுதவில்லை.

மருத்துவபீடத்தில் தண்டனைச் சட்டக்கோவையின் 311 ஆம் பிரிவை, எவை கடுங்காயம் என்பதை, வரிசை பிசகாமல் பாடமாக்கினோம். அடிபட்டு வந்தவர்களுக்குப் பொலிஸ் படிவம் நிரப்பவும் பழகினோம். ஆனால் 1934 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்கத் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம் பற்றி எனக்கு ஞாபகத்தில் நின்றது அதன் பெயர் மட்டும்தான். அதற்குப் பிறகுதான் இருந்து வாசித்தேன். யார் கவனமாகக் கால் வைத்தார், யார் வைக்கவில்லை என்பதல்ல அங்கே முதல் கேள்வி. காயம் வேலையால், வேலையின்போது ஏற்பட்டதா என்பதுதான். விரல் துண்டாகப் போனால் இத்தனை வீதம் என்று அட்டவணை இருக்கிறது. கையோடு இருந்தும் பாதிதான் மடங்கும் விரலுக்கு அதில் நேரான வரி கிடையாது. உழைக்கும் திறனில் எவ்வளவு குறைந்தது என்று மருத்துவ அறிக்கையை வைத்துத்தான் கணிக்கவேண்டும். அப்படியென்றால் ஹவுஸ் ஒஃபிசர் நடுச்சாமத்தில் அவசரமாகக் கிறுக்கும் வரிக்கு எவ்வளவு பாரம் என்று யோசித்துப் பாருங்கள்.

சரி, அப்புறம் ரெக்கோர்ட் ரூமுக்குப் போய் அக்காவின் பழைய டிக்கெட்டை, வார்டில் எழுதிய குறிப்புகளை, எடுத்துப் பார்த்தேன். பின்பக்கத்தில் தோட்டத்து டிஸ்பென்சரித் துண்டு ஒன்று குத்தியிருந்தது. காலை 9.30, ஏழாம் நம்பர் மலை, கொழுந்து எடுக்கும்போது விழுந்தது. தெளிவாக இருந்தது. அன்று நான் அதைத் திருப்பிக்கூடப் பார்க்கவில்லை. காலையிலேயே காயப்பட்டு வந்தவருக்கு அரைப்பேர் போடாமல் வேறு என்ன போடுவார்கள்?

கன்சல்டன்ட் சேரிடம் நடந்ததை மறைக்காமல் சொன்னேன். அவர் ஏசவில்லை. "அறிக்கையை நீயே எழுது, நான் பார்த்துக் கையெழுத்து வைக்கிறேன். கையை அளந்து மட்டும் எழுதாதே, அந்தக் கையால் அவர் என்ன வேலை செய்கிறார் என்றும் எழுது" என்றார்.

அடுத்த கிளினிக்கில் பெருவிரலுக்கும் ஆட்காட்டி விரலுக்கும் நடுவில் ஒரு காகிதத்தைக் கொடுத்து, நான் இழுக்க இழுக்கப் பிடித்துக்கொள்ளச் சொன்னேன். அக்கா பிடித்தார், நன்றாகவே பிடித்தார். பிறகு என்னைப் பார்த்து, "இது கொழுந்து இல்லீங்களே ஐயா" என்றார்.

ஜன்னலுக்கு வெளியே வேலியோரம் ஒரு செம்பருத்தி. வாருங்கள் என்று கூட்டிக்கொண்டு போனேன். இடது கையால் ஒரு தளிரைத் தொட்டார், டக்கென்று ஒடிந்து உள்ளங்கைக்குள் போனது. வலது கையால் தொட்டார். நுனி மடங்கவில்லை. பெருவிரல் பலகைபோல நீட்டி நின்றது, தளிர் நழுவியது. மறுபடி பிடித்தார், ஒடியாமல் நசுங்கியது. மூன்றாவது தடவை தண்டைக் கிழித்துக்கொண்டு வந்தது. "இப்படிக் கிழிச்சா கணக்கப்பிள்ளை ஏசுவாரு" என்று அந்த இலையைத் தரையில் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.

நாள் முழுக்க இரண்டு கையாலும் ஒடித்து 18 கிலோவை எட்டவேண்டிய வேலை. அப்போது ஒரு முழுப்பேருக்கு 1000 ரூபாய். இதையெல்லாம் அறிக்கையில் எழுதினேன். வலது கைப் பழக்கம், நுனிமூட்டு எத்தனை பாகை மடங்குகிறது, தளிர் ஒடிக்க முடியவில்லை, டிஸ்பென்சரித் துண்டின் பிரதி. நான் மாற்றலாகிப் போகும்வரை முடிவு வரவில்லை.

இப்போதும் மலைநாட்டில்தான் வேலை செய்கிறேன். என்னோடு புதிதாகச் சேரும் இன்டர்ன்களிடம், தமிழோ சிங்களமோ யாரானாலும், முதல் வாரமே இதைச் சொல்லிவிடுகிறேன். என்ன வேலை, எத்தனை மணி, எந்தக் கை, என்ன செய்துகொண்டிருந்தார், உடம்பில் படங்கோ பெக்டரி உடுப்போ இருந்ததா என்று கேட்டும் பார்த்தும் எழுதுங்கள். வேலைக்குப் போய்வரும் வழியில் நடந்ததா என்றும் கேளுங்கள், 2022 திருத்தத்தோடு அதுவும் சட்டத்துக்குள் வந்துவிட்டது. தோட்டத்திலிருந்து வந்த துண்டைப் பின்பக்கம் குத்தாதீர்கள், முன்பக்கம் குத்துங்கள்.

போன கிழமை குளவி கொட்டி ஒரு தம்பி வந்தான். கண் இரண்டும் வீங்கித் திறக்க முடியாமல் கிடந்தான். ஊசி போட்டு மூச்சு சீரானதும் எங்கே கொட்டியது என்று கேட்டேன்.

"மலையில சேர்."

"எத்தனையாம் நம்பர்?"

"பன்னெண்டு."

எழுதிக்கொண்டேன்.