யோபுவின் நண்பர்கள் இன்னும் பேசிக்கொண்டுதான் இருக்கிறார்கள்

கடவுள் நல்லவர், சர்வ வல்லவர், ஆனாலும் உலகத்தில் தீமை இருக்கிறது. இந்த மூன்றும் எப்படி ஒத்துப்போகும் என்ற கேள்வி கிறிஸ்தவத்தை ஆரம்பத்திலிருந்தே விடாமல் துரத்துகிறது. பதில்களுக்குப் பஞ்சமில்லை, சிலது அசத்தலான பதில்களும்கூட. என் சிக்கல் என்னவென்றால், தத்துவ வகுப்பில் பாஸாகிற பதிலைத் துக்க வீட்டில் போய்ச் சொன்னால் அடிக்க வருவார்கள், அப்படி வந்தால் அவர்கள் பக்கம்தான் நியாயம்.

ஆதித் திருச்சபையின் இறையியலாளர் அகஸ்டின், தீமை என்று தனியாக ஒரு பொருளே கிடையாது, நன்மை குறைந்துபோவதுதான் தீமை என்றார். கடவுள் தீமையைப் படைத்தார் என்ற பழி அதோடு போய்விடுகிறது. சரி, வலிக்கிறவனுக்கு என்ன போயிற்று?

சுதந்திர சித்தம் என்கிற வாதம், அதாவது நல்லதையோ கெட்டதையோ தானே தேர்ந்தெடுக்கும் சுதந்திரம் மனிதனுக்கு இருப்பதால்தான் தீமை வருகிறது என்பது, இதைவிட வலுவானது. 1955-இல் மேக்கி என்ற தத்துவவாதி, மேலே சொன்ன மூன்றும் ஒன்றுக்கொன்று முரண் என்று வாதிட்டார். பிளாண்டிங்கா என்ற கிறிஸ்தவத் தத்துவவாதி 1970களில் அதற்குப் பதில் எழுதினார்: தானாகவே நல்லதைத் தேர்ந்தெடுக்கும்படி ஒருவனை வற்புறுத்துவது என்பதே முரண், அதைச் சர்வ வல்லவராலும் செய்ய முடியாது. கொலை, போர், துரோகம் வரைக்கும் நான் ஒத்துக்கொள்கிறேன். நிலநடுக்கத்துக்கு யாருடைய சித்தம்? 1755 நவம்பர் 1, புனிதர் அனைவர் பெருவிழா, லிஸ்பனில் ஜனங்கள் காலைத் திருப்பலிக்குக் கூடியிருந்த நேரத்தில் பூமி ஆடி ஆலயங்கள் அவர்கள் தலைமேலேயே விழுந்தன, அப்புறம் கடல் உள்ளே வந்தது, மிச்சத்தைத் தீ தின்றது. இயற்கைச் சீற்றங்கள் சாத்தானும் அவன் கூட்டமும் தங்கள் சுதந்திரத்தில் செய்வதாக இருக்கலாம் என்று பிளாண்டிங்கா ஒரு வழி காட்டுகிறார். அது உண்மை என்று அவர் சாதிக்கவில்லை, தர்க்கத்துக்கு அந்தச் சாத்தியம் இருந்தாலே போதும் என்கிறார். போதும்தான். ஆனாலும் படித்தபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

பாடுகள் நம்மைப் பக்குவப்படுத்துகின்றன என்பது இன்னொரு பதில். இரண்டாம் நூற்றாண்டு ஆயர் இரேனியுவிடமிருந்து இந்த இழையைப் பிடித்துக்கொண்டு ஜான் ஹிக் என்ற தத்துவவாதி 1966-இல் விரிவாக எழுதினார். எனக்கு அதிகம் எரிச்சல் மூட்டுவது இதுதான். வில்லியம் ரோ என்ற இன்னொரு தத்துவவாதி 1979-இல் ஒரு மான்குட்டியைக் கற்பனை செய்தார். எங்கோ தூரத்துக் காட்டில் மின்னலால் தீப்பிடிக்கிறது, குட்டி கருகி, நாட்கணக்கில் துடித்துச் சாகிறது, பார்க்க ஒரு மனிதன்கூட இல்லை. அங்கே யார் பக்குவப்பட்டார்கள்?

இத்தனைக்கும் வேதாகமம் இந்த விளக்கங்களில் இவ்வளவு ஆர்வம் காட்டவில்லை. எருசலேமில் சீலோவாம் கோபுரம் இடிந்து 18 பேர் செத்ததைப் பற்றி இயேசு பேசும்போது, அவர்கள் மற்றவர்களைவிடப் பாவிகள் இல்லை என்கிறார். நீங்கள் மனந்திரும்புங்கள் என்கிறார். ஏன் விழுந்தது என்று சொல்லவே இல்லை.

அதே வேதாகமத்தில் இருக்கிற யோபு புத்தகமோ விளக்கம் சொல்பவர்களையே பிடித்து நிறுத்துகிறது. யோபு ஒரு குற்றமும் செய்யாத நல்லவன். சொத்தையும் பிள்ளைகளையும் இழந்து, உடம்பெல்லாம் புண்ணாகி, ஓட்டுத்துண்டால் சுரண்டிக்கொண்டு சாம்பலில் உட்கார்ந்திருக்கிறவனைப் பார்க்க எலிப்பாஸ், பில்தாத், சோப்பார் என்ற நண்பர்கள் மூவரும் வருகிறார்கள். ஏழு நாள் வாய் திறக்காமல் கூடவே தரையில் உட்காருகிறார்கள். அதோடு எழுந்து போயிருந்தால் நல்ல பெயர். எட்டிப் பார்த்தது இறையியல்! நீ ஏதாவது செய்திருப்பாய், தேவன் சும்மா தண்டிக்க மாட்டார் என்று அதிகாரம் அதிகாரமாகப் பேசுகிறார்கள், யோபு கடவுளையே வழக்குக்குக் கூப்பிடுகிறான். கடைசியில் கடவுளுக்குக் கோபம் வருவது அவருக்காக வாதாடிய மூவர்மேல். ஏழு காளைகளையும் ஏழு ஆட்டுக்கடாக்களையும் கொண்டுபோங்கள், யோபு உங்களுக்காக ஜெபிக்கட்டும் என்கிறார். “எல்லாம் தேவ சித்தம்” என்று சாவு வீட்டில் சொல்லத் துடிக்கிறவர்கள் இந்த இடத்தை ஒருமுறை நிதானமாக வாசிக்கலாம்.

யோபு புத்தகத்திலும் எனக்கு ஒரு குறை இருக்கிறது. முடிவில் அவனுக்கு ஆடுமாடு இரட்டிப்பாகிறது, மறுபடியும் ஏழு மகன்கள், மூன்று மகள்கள். புது மகள்களுக்குப் பெயர்கூட இருக்கிறது. ஆரம்பத்தில் வீடு இடிந்து செத்த அவனுடைய பழைய பத்துப் பிள்ளைகளைப் பற்றி அந்தக் கடைசி அதிகாரத்தில் யாரும் ஒரு வார்த்தை பேசுவதில்லை, கடவுளும் பேசுவதில்லை.