குன்னூர் ஏற்றத்தில் மட்டும் வண்டி உதறுகிறதா?

கல்லாறு தாண்டி ஏற்றம் தொடங்கியதும் வண்டி குலுங்குகிறது, மிஸ் அடிக்கிறது. வெலிங்டன் பக்கம் கொஞ்சம் சமதளம் வந்ததும் ஒன்றுமே நடக்காத மாதிரி ஓடுகிறது. மேட்டுப்பாளையத்துப் பட்டறையில் காட்டினால் "நல்லாத்தானே ஓடுது" என்பார்கள். கீழே நன்றாகத்தான் ஓடும்.

காரணம் இதுதான். ஏற்றத்தில் ஆக்ஸிலேட்டரை அழுத்தும்போது சிலிண்டருக்குள் காற்று நிறையப் போய் அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடினால் பிளக் இடைவெளியைத் தாண்டிப் பொறி பாய அதிக வோல்டேஜ் வேண்டும். அந்த வோல்டேஜைத் தருவது காயில். தளர்ந்துபோன காயில் சமவெளியில் சமாளித்துவிடும், இங்கே மாட்டிக்கொள்ளும். அதனால் பொறிக் கோளாறு உள்ள வண்டி ஊட்டியை நெருங்கும்போதைவிட, ஏற்றத்தின் கீழ்ப்பகுதியில் உள்ள பர்லியாறு பக்கமே அதிகம் உதறலாம். மேலே போகப் போகக் காற்றே மெலிந்துவிடுகிறதே! ஊட்டி சுமார் 2,240 மீட்டர் உயரம். அங்கே காற்றழுத்தம் கடல்மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்கை ஒட்டித்தான் இருக்கும். டர்போ இல்லாத இன்ஜின் அங்கே இழுவை குறைந்து போவது கோளாறு இல்லை. இழுவை குறைவது வேறு, உதறுவது வேறு.

பொருள் வாங்கும் முன் எப்போது உதறுகிறது என்று பாருங்கள். கிளட்சை விட்டு வண்டியைக் கிளப்பும்போது மட்டும் என்றால் கிளட்ச் பிளேட் அல்லது இன்ஜின் மவுன்ட். பிரேக் மிதிக்கும்போது மட்டும் என்றால் டிஸ்க். நின்ற இடத்தில் ஐடிலில் குலுங்கி, ரேஸ் கொடுத்தால் சரியாகிறது என்றால் காற்று ஹோஸ் கசிவையோ மவுன்ட்டையோ தேடலாம். வளைவில் மூன்றாம் கியரில் 1,200 ஆர்பிஎம்மில் ஏற்றினால் எந்த வண்டியும் திணறும். இரண்டுக்கு மாற்றினதும் சரியானால் பழுது ஓட்டுபவரிடம். ஏற்றத்தில், 2,000 ஆர்பிஎம்முக்கு மேலும், சரியான கியரிலும் விட்டு விட்டு உதறினால்தான் கீழே சொல்வது பொருந்தும்.

செக் இன்ஜின் லைட் சிமிட்டினால் உடனே காலைத் தளர்த்துங்கள். எரியாத பெட்ரோல் சைலன்சர் பக்கம் போய், புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிடிக் கன்வெர்ட்டரைச் சூடேற்றிக் கெடுக்கும். அது காயிலைவிடப் பல மடங்கு விலை.

கோளாறுக் குறியீட்டைப் படிக்கும் ஸ்கேனரை ஸ்டீயரிங்குக்குக் கீழே உள்ள ஓபிடி சாக்கெட்டில் செருகுங்கள். பி0302 என்று வந்தால் இரண்டாம் சிலிண்டர் மிஸ். அதற்காக உடனே புதுக் காயில் வாங்காதீர்கள். இன்ஜின் ஆறிய பிறகு இரண்டாவது காயிலை மூன்றாவதில் மாற்றிப் போட்டு, குறியீட்டை ஸ்கேனரில் அழித்துவிட்டு, அதே ஏற்றத்தில் ஓட்டுங்கள். குறியீடு பி0303 ஆனால் காயில்தான் குற்றவாளி. மாறாவிட்டால் பிளக்கை அதே முறையில் மாற்றிப் பாருங்கள், அதற்குப் பிறகு இன்ஜெக்டர். இந்த வரிசையில் போனால் காசு வீணாகாது.

பிளக்கைக் கழற்றும்போது குழியில் எண்ணெய் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் டேப்பெட் கவர் பேக்கிங் போயிருக்கிறது. அதை மாற்றாமல் காயில் மட்டும் போட்டால் அதுவும் சீக்கிரம் போகும். வெள்ளைப் பீங்கானில் மேலிருந்து கீழாகக் கருப்புக் கோடு ஓடியிருந்தால் பொறி வெளியே தாவியிருக்கிறது என்று பொருள். அந்தப் பிளக்கையும் ரப்பர் பூட்டையும் சேர்த்தே மாற்றுங்கள். இடைவெளி பல பெட்ரோல் வண்டிகளுக்கு 0.8 முதல் 1.1 மி.மீ.; உங்கள் வண்டிக்கு எவ்வளவு என்பது மேனுவலில் இருக்கும். தேயத் தேய இடைவெளி கூடும், கூடக் கூடக் காயில் திணறும். வாஷர் வைத்த 14 மி.மீ. புதுப் பிளக்கைக் கையால் இறுக்கிவிட்டு, பிறகு ஸ்பானரில் அரைச்சுற்று முதல் மூன்றில் இரண்டு பங்கு சுற்றுக்குள் நிறுத்துங்கள். அலுமினிய ஹெட், மரை போனால் பெரிய வேலை.

மழை, மூடுபனி நாளில் மட்டும் உதறினால் ஈரம். பழைய வண்டிகளில், பிளக்குக்கு உயர் வோல்டேஜ் கொண்டுபோகும் எச்டி வயரை இருட்டில், பானட்டைத் திறந்து இன்ஜினை ஓடவிட்டுப் பாருங்கள். கசிவு இருந்தால் நீலப்பொறி கண்ணுக்கே தெரியும். கை வைக்காதீர்கள். தேயிலைத் தோட்டத்தை ஒட்டி நிறுத்தும் வண்டி என்றால் எலி கடித்த வயரையும் தேடுங்கள்.

பி0300 (பல சிலிண்டரில் மிஸ்), கூடவே பி0171 என்றால் ஒரு சிலிண்டரின் தவறு அல்ல, பெட்ரோல்-காற்றுக் கலவையே மெலிகிறது. ஸ்கேனரில் லாங் டெர்ம் ஃப்யூவல் ட்ரிம் (வண்டியின் கம்ப்யூட்டர் பெட்ரோலை எவ்வளவு கூட்டிக் குறைக்கிறது என்ற சதவீதம்) பாருங்கள். ஐடிலில் கூடுதலாக இருந்து 2,500 ஆர்பிஎம்மில் இறங்கினால் காற்றுக் கசிவு. ஏற்றத்தில் சுமை ஏறும்போது கூடினால் பெட்ரோல் போதவில்லை: பம்ப் அல்லது ஃபில்டர். இன்ஜெக்ஷன் வண்டிகள் பலவற்றில் பிரஷர் 3 முதல் 4 பார் வரை இருக்கும். நின்றபடி அளந்தால் போதாது, ஓட்டத்தில் இறங்குகிறதா என்று பார்க்க வேண்டும். கார்புரேட்டர் வண்டியில் கதை தலைகீழ். மேலே போகப் போகக் கலவை கெட்டியாகும், பிளக் கரிபிடிக்கும்.

டீசல் வண்டியா? முதலில் ஃபில்டர், அதில் தேங்கிய தண்ணீர், பிறகு டர்போ ஹோஸ் பிளவு, புகையில் ஒரு பங்கை மறுபடி இன்ஜினுக்குள் அனுப்பும் இஜிஆர் வால்வு.

எல்லாம் மாற்றியும் குறியீடு அதே சிலிண்டரைக் காட்டினால் கம்ப்ரஷன், அதாவது சிலிண்டருக்குள் ஏறும் அழுத்தம், பாருங்கள். இன்ஜின் சூடாக இருக்க வேண்டும், எல்லாப் பிளக்கும் கழற்றியிருக்க வேண்டும், டீசலோ பெட்ரோலோ எரிபொருள் போகாதபடி துண்டிக்க வேண்டும், பெட்ரோல் வண்டியில் ஆக்ஸிலேட்டர் முழுக்க மிதிக்க வேண்டும். பெட்ரோல் இன்ஜினில் குறைந்த சிலிண்டருக்குள் ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு மறுபடி அளந்தால் எண் ஏறுவது ரிங், ஏறாதது வால்வு. ஊட்டியில் அளக்கிறீர்கள் என்றால் ஒன்று: கடல்மட்டத்தில் 180 பிஎஸ்ஐ காட்டும் நல்ல இன்ஜின் அங்கே சுமார் 140தான் காட்டும். புத்தகத்து எண்ணோடு ஒப்பிட்டு இன்ஜினைப் பிரிக்கச் சொல்பவர் கிடைத்தால், நான்கு சிலிண்டரையும் ஒன்றோடொன்று ஒப்பிடச் சொல்லுங்கள். வித்தியாசம் 10 முதல் 15 சதவீதத்துக்குள் இருந்தால் இன்ஜினைப் பிரிக்க வேண்டியதில்லை.