பழைய துறைமுகத்தில் பதினோரு ஆண்டுகள்

தூத்துக்குடி பழைய துறைமுகத்தில் தோணிச் சரக்குக்குக் கணக்கு எழுதும் வேலையில் நான் சேர்ந்தபோது, புதிய துறைமுகம் வந்து பல ஆண்டுகள் ஆகியிருந்தன. இங்கே இனி என்ன வேலை இருக்கிறது என்று உறவினர்கள் கேட்டார்கள். அந்தக் கேள்விக்கான விடையை வேலையே எனக்குக் கற்றுக் கொடுத்தது.

இந்தக் கரையில் கடல் ஆழமற்றது. பெரிய கப்பல்கள் சில மைல் தள்ளி நங்கூரமிட, சரக்கைத் தோணிகளே சுமந்து சென்றன. 1876இல் ரயில் வந்தபின் கோவில்பட்டி, எட்டயபுரம் கரிசல் நிலத்துப் பருத்தி இங்கு வந்து குவிந்தது. பஞ்சுப் பேட்டைகளின் நினைவாகத்தான் கிரேட் காட்டன் ரோடு என்ற பெயர் இன்றும் வழக்கில் இருக்கிறது, இருபுறமும் கடைகளும் வங்கிகளும் நிறைந்துவிட்ட பிறகும். 1888இல் தொடங்கிய கோரல் மில் என்ற பஞ்சாலையின் தொழிலாளர்கள், 1908 பிப்ரவரியில் வ.உ.சி., சுப்பிரமணிய சிவா ஆகியோரின் வழிகாட்டலில் வேலைநிறுத்தம் செய்து கூலி உயர்வும் ஞாயிறு விடுமுறையும் பெற்றதும் இதே ஊரில்தான். அந்த ஞாயிறு விடுமுறையை நானும் அனுபவித்தவன் என்பதால், அது எனக்கு வெறும் வரலாறு அன்று.

1974இல் ஆழ்கடல் துறைமுகம் திறந்தபின், கப்பலுக்கும் கரைக்கும் நடுவே ஓடிய தோணிக்கு அந்த வேலை இல்லாமல் போயிற்று. ஆயினும் தோணிகள் மாலத்தீவுக்கும் இலட்சத்தீவுக்கும் காய்கறியும் கட்டுமானப் பொருளும் ஏற்றிச் சென்று பிழைத்தன. முதல் மாதத்தில் நான் மூட்டைகளைத் தவறாக எண்ணிவிட்டுத் திகைத்து நின்றபோது, தோணியை நடத்தும் தலைவரான வயதான தண்டல் ஒருவர், “தம்பி, மூட்டைய மட்டும் பாக்காதீக, தோணி எவ்வளவு தண்ணியில உக்காந்திருக்குன்னும் பாருங்க” என்றார். அன்று முதல் பலகையில் ஏறும் நீர்க்கோட்டைப் பார்த்த பிறகே கணக்கில் கையெழுத்திட்டேன்.

தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தோணிகள் ஓய்வெடுக்கும். அப்போது கலப்பத்து வேலை நடக்கும்: பலகை இடுக்குகளில் பஞ்சுத் திரியை உளியால் அடித்துத் திணித்து, மேலே பூச்சுப் பூசுவார்கள். அந்தச் சத்தம் காலை முழுவதும் கரையில் கேட்டுக்கொண்டிருக்கும். பொதி பொதியாகப் பஞ்சு ஏற்றிய கரையில், இப்போது பஞ்சு விரல் பருமனுக்குத் திரிக்கப்பட்டு மரத்துக்குள் போகிறது.