காம்பவுண்டைக் கடைசியாகத் தொடுங்கள்: கார் பெயின்ட் கறைகளை நீக்கிய அனுபவம்

எங்கள் கார் கருநீலம். வெட்டவெளியிலேயே நிற்கும் வண்டி என்பதால் அதில் இல்லாத கறை இல்லை. பானெட்டில் பறவை எச்சத்தின் வட்டத் தடம், கூரையில் மரப்பிசின், கதவுகளின் அடியில் தார்ப் புள்ளிகள், மேலெல்லாம் உப்புத் தண்ணீர் காய்ந்த வெள்ளை வளையங்கள். எத்தனை முறை ஷாம்பு போட்டுக் கழுவினாலும் எதுவும் அசையவில்லை.

இந்த நிலையில் பலரும் நேராக ரப்பிங் காம்பவுண்டை எடுத்துத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. இன்றைய கார்களில் நிறத்துக்கு மேலே கிளியர் கோட் என்ற நிறமற்ற பூச்சு இருக்கும். அதன் தடிமன் பெரும்பாலும் 40, 50 மைக்ரான்தான். ஒரு தலைமுடியைவிட மெல்லியது. வெயிலிலிருந்து நிறத்தைக் காப்பதும் அதுதான். காம்பவுண்ட் என்பது தேய்த்து எடுக்கும் பொருள், ஒவ்வொரு முறையும் இந்தப் பூச்சில் கொஞ்சம் போய்விடும். போனது திரும்பி வராது. அதனால் கறை பெயின்ட்டின் மேலே ஒட்டியிருக்கிறதா, உள்ளே அரித்துவிட்டதா என்று முதலில் பிரித்துப் பார்க்க முடிவு செய்தேன்.

நிழலில், தகடு நன்றாக ஆறிய பிறகு கழுவித் துடைத்தேன். அப்புறம் கையை ஒரு மெல்லிய பிளாஸ்டிக் பைக்குள் விட்டு பானெட்டை மெதுவாகத் தடவினேன். வெறுங்கைக்கு வழவழப்பாக இருந்த இடமெல்லாம் பையோடு தடவும்போது நறநறவென்று இருந்தது. அந்தச் சொரசொரப்பு முழுவதும் மேலே ஒட்டிய அழுக்கு.

தார் சுலபமாகப் போனது. தார் ரிமூவரைத் துணியில் நனைத்துப் புள்ளியின் மேல் சற்று வைத்திருந்தால் பழுப்பாகக் கரைந்து வழிகிறது, துடைத்தால் போதும். பிசினுக்கு ஐசோபுரோபைல் ஆல்கஹால். கெட்டியான பிசினை நகத்தால் சுரண்டக் கை பரபரக்கும். சுரண்டக் கூடாது. நனைத்த துணியை மேலே போட்டு, பிசின் இளகிய பிறகு ஒற்றி எடுக்க வேண்டும். தண்ணீர் வளையங்கள் கால்சியம், மக்னீசியம் உப்புகள் என்பதால் வெள்ளை வினிகரில் சம அளவு தண்ணீர் கலந்து ஒற்றி, காயவிடாமல் உடனே அலசினேன். பெரும்பாலானவை மறைந்தன. மறையாத சில, பூச்சை ஏற்கெனவே அரித்தவை.

அடுத்து அயர்ன் ரிமூவர். பிரேக்கிலிருந்து பறக்கும் இரும்புத் துகள்கள் பெயின்ட்டில் குத்தி நின்று துருப்பிடிக்கும். இந்தத் திரவம் அவற்றின் மேல் பட்டதும் ஊதா நிறமாக மாறி வழிகிறது. கண்ணுக்கே தெரியாமல் இத்தனை இரும்பு ஒட்டியிருந்ததா என்று வியந்துபோனேன். இதையும் காயவிடக் கூடாது, நன்றாக அலசிவிட வேண்டும்.

இந்த வேலையிலேயே எனக்குப் பிடித்தது கிளே பார்தான், பெயின்ட்டின் மேல் ஒட்டிய அழுக்கைப் பிடித்து இழுக்கும் களிமண் போன்ற கட்டி. ஒரு சிறு துண்டைக் கையில் பிசைந்து தட்டையாக்கி, வழுக்குவதற்கான திரவத்தைத் தாராளமாகத் தெளித்து, அழுத்தாமல் நேர்கோட்டில் முன்னும் பின்னும் ஓட்ட வேண்டும். முதலில் சரசரவென்று ஒரு சத்தம் வரும், கை லேசாகப் பிடிக்கும். ஓட்ட ஓட்டச் சத்தம் தேய்ந்து, கிளே பனிக்கட்டிமேல் போவதுபோல் வழுக்கும். அந்த இடம் முடிந்தது என்று அர்த்தம். கிளேயின் அடியைத் திருப்பிப் பார்த்தால் பழுப்பேறியிருக்கும், மடித்துப் புதுப்பக்கம் எடுத்துக்கொள்ளலாம். கீழே விழுந்துவிட்டால் மட்டும் யோசிக்காமல் தூக்கிப் போட்டுவிட வேண்டும், ஒட்டிய மணல் பெயின்ட்டைக் கீறிவிடும்.

கடைசியாக நின்றது பறவை எச்சத்தின் தடம். எச்சத்தில் அமிலம் உண்டு. வெயிலில் அது இன்னும் வேகமாகப் பூச்சைத் தின்னும். நகத்தை மெதுவாகக் குறுக்கே ஓட்டிப் பார்த்தேன், தட்டவில்லை. நகம் தட்டினால் பாலிஷுக்கு அடங்காத ஆழம் என்று வைத்துக்கொள்ளலாம். மிக மென்மையான பாலிஷை ஃபோம் பேடில் எடுத்துக் கையாலேயே தேய்த்தேன். ஒவ்வொரு சுற்றுக்கும் பிறகு ஆல்கஹாலால் துடைத்து, டார்ச்சைச் சாய்வாக அடித்துப் பார்த்தேன். பாலிஷில் உள்ள எண்ணெய் கீறலை மூடி, சரியாகிவிட்டதுபோல் காட்டும் என்பதால் இந்தத் துடைப்பு முக்கியம். பானெட்டின் மடிப்பு விளிம்புகளில் பெயின்ட் மெல்லியதாக இருக்கும், அங்கே டேப் ஒட்டிவிட்டேன்.

தடம் நன்றாக மங்கியது. அரித்த தண்ணீர் வளையங்களும் இதே பாலிஷில் அடங்கின. எச்சத்தின் விளிம்பு மட்டும் குறிப்பிட்ட கோணத்தில் லேசாகத் தெரிகிறது. அதையும் எடுக்க வேண்டுமென்றால் காம்பவுண்டுக்குப் போக வேண்டும். ஒரு மெல்லிய கோட்டுக்காகப் பூச்சை இழக்க எனக்கு மனமில்லை, அப்படியே விட்டுவிட்டேன்.

கிளேயும் பாலிஷும் பட்ட பெயின்ட்டின் மேல் பழைய வாக்ஸ் இருக்காது. அதனால் அன்றே புது வாக்ஸ் பூசினேன். இப்போது ஒரு தண்ணீர் ஸ்ப்ரே பாட்டிலும் மைக்ரோஃபைபர் துணியும் டிக்கியிலேயே இருக்கின்றன. எச்சம் கண்ணில் பட்டால் நனைத்து, ஊறவிட்டு, அன்றைக்கே ஒற்றி எடுத்துவிடுகிறேன்.